கவனிப்பாரற்றுப் போன அசேலியா போன்சாய்: மீட்பும் பராமரிப்பும்

பல ஆண்டுகள் கவனிப்பாரற்றுக் கிடந்த அசேலியா போன்சாய் பார்வைக்குச் செத்த செடி போலவே இருக்கும், பெரும்பாலும் செத்திருக்காது. உச்சி மொட்டையாக, தூரில் மட்டும் சிம்புகள் புதராக மண்டி, இலைகள் மஞ்சள் பாய்ந்து, தொட்டி மண் செங்கல்லாக இறுகி நிற்கும். இத்தனைக்குப் பிறகும் அடிமரத்துப் பட்டைக்குள் பச்சை இருக்கும். இத்தகைய செடிகளில் பல, கைவிடப்பட்ட காலத்தைத் தாக்குப்பிடித்துவிட்டு, மீட்கப்பட்ட பிறகுதான் சாகின்றன. புதிதாகக் கைக்கு வந்த செடிக்கு ஒரே வாரத்தில் மண்ணும் மாற்றி, கிளைகளையும் வெட்டி, உரமும் இட்டால் அது தாங்காது. செய்யவேண்டிய வேலைகள் எல்லாம் சரியானவையே. அவற்றை எந்த வரிசையில், எவ்வளவு இடைவெளி விட்டுச் செய்வது என்பதுதான் இந்த அத்தியாயத்தின் பொருள்.

செடியின் குணம்

போன்சாய்க்கு ஜப்பானில் மிகுதியாக வளர்க்கப்படும் அசேலியா, சத்சுகி என்னும் கூட்டத்தைச் சேர்ந்தது. பழைய சந்திரமான நாட்காட்டியின் ஐந்தாம் மாதத்துக்கு ஜப்பானிய மொழியில் சத்சுகி என்று பெயர். மற்ற அசேலியாக்கள் பூத்து ஓய்ந்த பின், இன்றைய கணக்கில் மே இறுதியிலும் ஜூனிலும் பூப்பதால் செடிக்கு அந்தப் பெயர் வந்தது. ஆற்றோரப் பாறை இடுக்குகளில் வளரும் ரோடோடென்ட்ரான் இண்டிகம், தெற்குக் கடலோரத்திலும் தீவுகளிலும் வளரும் உருண்டை இலைச் சிற்றினம் ஆகிய இரண்டிலிருந்தும் அவற்றின் கலப்பிலிருந்தும் உண்டான வகைகளே சத்சுகிகள். எடோ நகரின் சோமெய் பகுதியில் வாழ்ந்த தோட்டக்காரர் இத்தோ இஹெய் 1692-இல் வெளியிட்ட 'கின்ஷூ மகுரா' என்ற நூலே முந்நூறுக்கும் மேற்பட்ட அசேலியா வகைகளைப் பேசுகிறது. ஒசகாசுகி, கோசான், கின்சாய், நிக்கோ போன்றவை இன்று போன்சாய்த் தொட்டிகளில் அடிக்கடி காணும் பெயர்கள்.

'இண்டிகம்' என்ற பெயரைப் பார்த்து இதை இந்தியச் செடி என்று எண்ணிவிடக் கூடாது. அது ஜப்பானியச் செடி, பெயர் மட்டும் லின்னேயஸ் 1753-இல் வைத்தது. இதே பேரினத்தைச் சேர்ந்த மரம் தென்னிந்தியாவில் உண்டு. நீலகிரி, பழனி மலை உச்சிகளின் சோலை ஓரங்களில் சிவப்புப் பூங்கொத்துகளோடு நிற்கும் காட்டுப் பூவரசு அதுதான். அது வளரும் இடத்தைக் கவனித்தவர்களுக்கு அசேலியாவின் தேவை பாதி விளங்கிவிடும்: குளிர்ந்த காற்று, அடிக்கடி மூடுபனி, இலை மக்கிய புளித்த மண், தேங்காத நீர்.

மீட்பு வேலையைத் தீர்மானிப்பவை செடியின் மூன்று குணங்கள். முதலாவது வேர். மற்ற மரங்களுக்கு இருப்பது போன்ற வேர்த்தூவிகள் அசேலியாவுக்குக் கிடையாது. அந்த வேலையை முடி போன்ற மிக மெல்லிய சல்லிவேர்களும், அவற்றோடு கூடி வாழும் பூஞ்சைகளும் செய்கின்றன. இந்தச் சல்லிவேர்கள் மண்ணின் மேற்பகுதியிலேயே படர்ந்து, தொட்டிக்குள் தேங்காய் நார்ப் பாய் போலப் பின்னிக்கொள்ளும். அரை மணி நேரம் காய்ந்தாலும் கருகும். காற்றில்லாத ஈரத்தில் சில வாரம் கிடந்தாலும் அழுகும்.

இரண்டாவது, பலம் இருக்கும் இடம். பைன், மேப்பிள் போன்ற மரங்கள் உச்சியில் பலம் சேர்ப்பவை. போன்சாய் நூல்கள் சொல்லும் பொது விதிகள், உச்சியை அடக்கிக் கீழ்க்கிளையை வளர்ப்பது எப்படி என்பதையே சுற்றி வருகின்றன. அசேலியா இயல்பில் புதர். அதன் பலம் தூரிலும் கீழ்க்கிளைகளிலும் இருக்கிறது, உச்சிதான் நோஞ்சான். பொது விதியை அப்படியே இதன்மேல் செலுத்தி உச்சியை ஒட்ட வெட்டுபவர் செடியின் தலையை இழப்பார். கவனிப்பின்றிக் கிடந்த செடியில் உச்சி காய்ந்து தூர் மட்டும் தழைத்திருப்பதற்கும் இதுவே காரணம்.

மூன்றாவது குணம் ஆறுதலானது. இலையே இல்லாத பழைய கட்டையிலிருந்தும், ஏன், அடிமரத்தின் பட்டையிலிருந்தும்கூட அசேலியா துளிர் விடும். போன்சாய் மரங்களில் இந்த அளவுக்குக் கொடை உள்ளவை குறைவு. கிளை அமைப்பை அடியோடு அழித்துப் புதிதாகக் கட்டலாம் என்ற துணிவு அங்கிருந்துதான் வருகிறது. ஆனால் துளிர்ப்பதற்கு உடம்பில் சேமிப்பு வேண்டும். வேர் கெட்ட செடியிடம் அது இருக்காது.

முதல் பார்வை

செடி கைக்கு வந்ததும் கத்தரியை எடுக்காமல் பார்ப்பது நல்லது. நகத்தால் பட்டையை மெல்லச் சுரண்டினால் உயிருள்ள இடத்தில் ஈரப் பச்சை தெரியும். பழுப்பாகக் காய்ந்திருந்தால் அந்தப் பகுதி போய்விட்டது. நுனிக் குச்சியில் தொடங்கி அடிமரம் நோக்கி இப்படிச் சோதித்து, பச்சை தொடங்கும் இடங்களில் நூல் கட்டி அடையாளம் வைத்துக்கொள்ளலாம். காய்ந்த குச்சிகளை அப்போதே ஒடித்து நீக்கினால் செடிக்குக் கெடுதல் இல்லை, உள்ளே வெளிச்சமும் கிடைக்கும். அசேலியாவின் சாற்றோட்டம் கோடு கோடாகப் போவது. ஒரு பெரிய கிளை செத்தால் அதற்கு நேர்கீழே அடிமரத்தில் ஒரு பட்டை அளவுக்குத் தோல் செத்திருக்கும். அந்தக் கோட்டை இப்போதே கண்டு வைத்தால், பின்னால் எந்தக் கிளையை நம்பலாம், எதை நம்பக் கூடாது என்பது தெரியும்.

அடுத்து மண். ஒரு குவளை நீர் ஊற்றி அது எங்கே போகிறது என்று பார்க்க வேண்டும். மேலேயே தேங்கி நின்றால் மண் பொடிந்து அடைத்திருக்கிறது. ஊற்றியவுடன் ஓரமாக இறங்கித் துளை வழியே ஓடிவிட்டால், அதை நல்ல வடிகால் என்று எண்ணி ஏமாறுபவர்கள் அதிகம். நடு வேர்க்கட்டி காய்ந்து நீரை ஏற்காமல் தள்ளுகிறது என்பதே அதன் பொருள். நாற்றுப்பண்ணையில் பீட் மண்ணில் வளர்ந்து, பின்னர் போன்சாய்த் தொட்டிக்கு வந்த செடிகளில் இது சர்வசாதாரணம். வெளியே புதிய மண், நடுவில் பழைய பீட் உருண்டை. ஒன்று அந்த உருண்டை எலும்பாகக் காய்ந்திருக்கும், அல்லது எப்போதும் ஊறிப்போய் அழுகிக்கொண்டிருக்கும்.

மூன்றாவதாகப் பார்க்க வேண்டியது, இத்தனை காலம் ஊற்றப்பட்ட நீர். இலை நரம்புகள் பச்சையாகவும் நரம்பிடைகள் மஞ்சளாகவும் இருந்தால், அதுவும் இளந்துளிரில் முதலில் தெரிந்தால், இரும்புச்சத்துக் குறை என்று கொள்ளலாம். மண்ணில் இரும்பு இல்லாமல் போவது அரிது. நீரில் உள்ள சுண்ணாம்பு மண்ணைக் காரமாக்கி, இருக்கும் இரும்பை வேருக்குக் கிடைக்காமல் பூட்டிவிடுவதே வழக்கம். தொட்டி விளிம்பில் வெள்ளைப் பொருக்கு படிந்திருப்பது இதற்கு நல்ல சாட்சி.

நீரிலிருந்து தொடங்குதல்

எந்தப் பருவத்தில் செடி கிடைத்தாலும் தயங்காமல் உடனே சரிசெய்யக்கூடியது நீர் ஒன்றுதான். காய்ந்த வேர்க்கட்டியை ஊறவைக்க, தொட்டியோடு சேர்த்து விளிம்பு மூழ்கும் அளவு நீருள்ள பாத்திரத்தில் குமிழி நிற்கும்வரை, ஏறத்தாழ 20 அல்லது 30 நிமிடம் வைக்கலாம். ஒரு முறையில் ஊறாவிட்டால் மறுநாளும் செய்யலாம். இரவு முழுக்க மூழ்க விடுவது மூச்சை அடைப்பது, அது கூடாது. இறுகிய மேல்மண்ணில் மெல்லிய மூங்கில் குச்சியால் சில துளைகள் இட்டால் நீர் நடுவே இறங்கும். நீரைத் தள்ளும் மண்ணின் மேல் பொடியாக நறுக்கிய ஸ்பாக்னம் பாசியைப் பரப்புவதும் உதவும்.

மழைநீரே இச்செடிக்கு உகந்தது. அசேலியா விரும்பும் மண் புளிப்பானது; பிஹெச் 4.5 முதல் 5.5 வரை. ஆழ்துளைக் கிணற்றின் உப்பு நீரும், சுண்ணாம்பு மிகுந்த குழாய் நீரும் சில மாதங்களில் இந்த நிலையைக் குலைத்துவிடும். மழைநீர் போதாத இடத்தில், எலுமிச்சை உப்பைச் சிறிது சிறிதாகக் கரைத்து, சோதனைத் தாளில் பிஹெச் 6-க்குச் சற்று மேலே வரும்வரை சரிசெய்து ஊற்றலாம். எவ்வளவு என்பது அந்தந்த ஊர் நீரைப் பொறுத்தது. யாரோ சொன்ன கரண்டிக் கணக்கை நம்பக் கூடாது. சமையல் காடியும் இந்த வேலையைச் செய்யும். சுண்ணாம்பை உப்பால் மாற்றும் வீட்டுக் கருவியின் மென்னீரோ சோடியம் மிகுந்தது. அதை அசேலியாவுக்கு ஊற்றவே கூடாது.

மஞ்சள் பாய்ந்த இலைக்கு உடனடி நிவாரணமாக இரும்புக் கலவை தெளிக்கலாம். கொடுக்கிணைப்பு இரும்பு எனப்படும் கீலேட் வடிவம் பாதுகாப்பானது. நாட்டு மருந்துக் கடையில் கிடைக்கும் அன்னபேதி அடிப்படையில் இரும்பு சல்பேட்தான். அதையும் லிட்டருக்கு ஒரு கிராம் அளவுக்கு மிகாமல் கரைத்து, வெயில் தாழ்ந்த பின் தெளிக்கலாம். இலையில் பச்சை திரும்பும். ஆனால் நீரையும் மண்ணையும் மாற்றாமல் தெளிப்பை மட்டும் நம்பினால் மஞ்சளும் திரும்பும்.

மண் மாற்றம்

வேரா, கிளையா, எதை முதலில் தொடுவது என்ற கேள்விக்கு நீர் வடியும் விதமே பதில். நீர் ஒழுங்காக இறங்கி, வேர்கள் வெளிர் பழுப்பில் உறுதியாக இருந்தால் ஓராண்டு நன்றாக வளர்த்து, அடுத்த ஆண்டு கவாத்தில் தொடங்கலாம். நீர் தேங்கினால் அல்லது மண்ணில் புளித்த நாற்றம் வந்தால் வேர்தான் முதல். கைவிடப்பட்ட செடிகளில் பத்துக்கு எட்டு இந்த இரண்டாம் வகை என்று வைத்துக்கொண்டு ஆயத்தமாவது பிழையாகாது. எந்த வகையானாலும், வேர் வெட்டிய ஆண்டில் பெரிய கிளை வெட்டக் கூடாது. கிளை வெட்டிய ஆண்டில் வேரைத் தொடக் கூடாது.

மண் மாற்றத்துக்கு ஆண்டில் இரண்டு தருணங்கள் உண்டு. ஒன்று, வசந்தத் தொடக்கத்தில் மொட்டு விரியும் முன். இன்னொன்று, பூ முடிந்த கையோடு. ஜப்பானியப் பண்ணைகளில் பூவுக்குப் பின் ஜூனில் மாற்றுவது பழைய வழக்கம். நலிந்த செடிக்கு வசந்தத் தொடக்கமே மேல்; வளர்ச்சிக் காலம் முழுவதும் வேர் கட்ட நேரம் கிடைக்கும். அப்போது பூமொட்டுகள் அனைத்தையும் கிள்ளிவிட வேண்டும்.

சத்சுகிக்கு ஜப்பானில் பயன்படுவது கனுமா மண். பெயருக்கு மண், உண்மையில் இலகுவான எரிமலை நுரைக்கல். 40,000 ஆண்டுகளுக்கும் முன் அகாகி எரிமலை வெடித்து, தொச்சிகி மாநிலத்தின் கனுமா வட்டாரத்தில் படிந்த அடுக்கிலிருந்து வெட்டி எடுக்கப்படுவது. இயல்பிலேயே புளிப்பு, குருணைக்குள் நீரைப் பிடித்துக்கொண்டு, குருணைகளுக்கு இடையே காற்றை விடுகிறது. இன்னொரு வசதியும் உண்டு: காய்ந்தால் வெளிர் மஞ்சள், நனைந்தால் அடர் மஞ்சள். நீர் ஊற்றும் நேரத்தை நிறமே சொல்லிவிடும். குறை என்னவென்றால் மென்மை. குச்சியால் பலமாகக் குத்தினால் நொறுங்கும். மூன்று, நான்கு ஆண்டுகளில் தானாகவும் பொடிந்து அடைக்கும். ஆகவே சலித்துப் பொடியை நீக்கி, தொட்டி அடியில் பெரிய குருணையும் மேலே 3 முதல் 6 மில்லிமீட்டர்க் குருணையும் போடுவது வழக்கம். கனுமா கிடைக்காத இடத்தில் பொடியாக உடைத்த பைன் பட்டை, பெர்லைட், நன்றாக அலசி உப்பு நீக்கிய தென்னை நார்க்கழிவு ஆகியவற்றைக் கலந்து சமாளிக்கலாம். பூந்தொட்டிகளுக்கு வழக்கமாகக் கலக்கும் செம்மண், ஆற்று மணல், தொழுஎருக் கலவை இதற்கு ஆகாது; ஆழமில்லாத தொட்டியில் அது இறுகிவிடும். சுண்ணாம்புச் சத்துள்ள ஜல்லி, மரச்சாம்பல், முட்டையோடு ஆகிய மூன்றும் விலக்கு.

தொட்டியிலிருந்து எடுத்த வேர்க்கட்டி சிலவேளை கட்டை போல இருக்கும். கத்தரியால் அதை ஒன்றும் செய்ய முடியாது. சிறு ரம்பத்தால் அடியில் மூன்றில் ஒரு பங்கைக் கிடைமட்டமாக அறுத்து எடுப்பதே சுத்தமான வழி. அசேலியாவின் சல்லிவேர் அதைத் தாங்கும். பக்கங்களை வேர்க்கொக்கியாலோ மூங்கில் குச்சியாலோ மேலிருந்து கீழாகக் கோதிவிட வேண்டும். குறுக்காக இழுத்தால் வேர் கொத்தாகப் பிய்யும். மேற்பரப்பில் பாசியும் களையும் மண்டிய மண்ணைச் சுரண்டி, தூரில் தடித்த வேர்கள் பரவும் இடம் தெரியும்வரை இறங்கலாம். அடுத்தடுத்த ஆண்டுகள் மேல்மண் ஏறி, தூரின் அழகையே புதைத்துவிட்டிருக்கும். அழுக்கெடுக்கும்போது எதிர்பாராத அகலத்தில் தூர் வெளிப்படுவது இந்த வேலையின் சிறு சந்தோஷங்களில் ஒன்று.

சிக்கல் நடுவில் உள்ள பழைய உருண்டைதான். அதை ஒரே முறையில் முழுதும் கழுவி எடுப்பதை இளஞ்செடி தாங்கும். பழைய, நலிந்த செடிக்கு அப்பத்தைத் துண்டு போடுவது போல வெளியிலிருந்து தூர் நோக்கி ஆப்பு வடிவில் சில துண்டுகளை மட்டும் வெட்டி எடுத்து, அந்த இடத்தைப் புது மண்ணால் நிரப்புவது நல்லது. மிச்சத்தை இரண்டு ஆண்டு கழித்து, அடுத்த மண் மாற்றத்தில் எடுக்கலாம். பாதியை இப்போது, பாதியை அப்போது என்று பக்கவாட்டில் பிரித்துச் செய்பவர்களும் உண்டு. எதுவானாலும், வேலை நடக்கும் நேரம் முழுவதும் வேர்மேல் நீர் தெளித்துக்கொண்டே இருக்க வேண்டும். வேரை வெறுமையாக வைத்துவிட்டு உண்ணப் போய் வந்தவர் திரும்பும்போது பாதி வேர் இருக்காது.

அசேலியாவுக்கு ஆழ இறங்கிப் பிடிக்கும் தடித்த வேர்கள் கிடையாது. எனவே வடிதுளைகள் வழியே கம்பி கொடுத்து வேர்க்கட்டியைத் தொட்டியோடு இறுக்கிக் கட்டுவது அவசியம். காற்றில் ஆடும் செடியின் புது வேர் அறுந்துகொண்டே இருக்கும். தூரின் அடியில் வெற்றிடம் விழாமல் முதலில் மண்ணைக் குவித்து, அதன்மேல் செடியை அமர்த்தி இடமும் வலமும் மெல்லத் திருகி உட்கார வைக்கலாம். அடித்துளை வழியே தெளிந்த நீர் வரும்வரை ஊற்றிய பின், மேலே நறுக்கிய ஸ்பாக்னம் பாசியை மெல்லிய படலமாகப் பரப்பினால் மேல்வேர்கள் காயாது. மூன்று, நான்கு வாரம் காற்று வீச்சில்லாத நிழல். ஆறு வாரம்வரை உரம் கிடையாது.

இத்துடன் முதல் ஆண்டு முடிகிறது. அந்த ஆண்டில் செடியில் எதுவும் அழகாகாது. இலை எண்ணிக்கை கூடினால் போதும்.

கடுங்கவாத்து

வேர் பிடித்து, புதுத் துளிர் விரல் நீளத்துக்கு ஓடிய செடியை மறு வசந்தத்தில் வெட்டலாம். அதிகக் கிளைகளை எடுப்பதாக இருந்தால் மொட்டு விரியும் முன்பே வெட்டுவது நல்லது. அந்த ஆண்டுப் பூ போகும், அதைப் பொருட்படுத்த வேண்டாம். மிதமான கவாத்துக்குப் பூ முடிந்த கையோடு வெட்டினால் போதும்.

முதலில் போக வேண்டியவை தூர்ச் சிம்புகள். செடியின் பலத்தை எல்லாம் உறிஞ்சிக்கொண்டிருப்பவை அவையே. அடியோடு கிள்ளி எடுத்து, பின் வரும் துளிர்களையும் வாரந்தோறும் கைவிரலால் தேய்த்துவிட வேண்டும். அடுத்து, கிளையின் கீழ்ப்பக்கத்தில் தொங்குபவை, நேர் மேலே எழுபவை, ஒரே இடத்திலிருந்து சக்கரம் போலக் கிளம்பும் நாலைந்து கிளைகளில் நடுவிலுள்ளவை. இவற்றை நீக்கிய பிறகுதான் மரத்தின் எலும்பு தெரியும். நீண்டு வெறுமையான கிளைகளைத் துணிந்து குட்டையாக வெட்டலாம். சில வாரங்களில் வெட்டிய இடத்தைச் சுற்றிச் செம்மை கலந்த பச்சை முனைகள் எழும்.

உச்சியைப் பொறுத்தவரை விதி தலைகீழ். கீழ்க்கிளைகளை ஒட்ட வெட்டலாம். மேல்கிளைகளை நீளமாக, இலை மிகுதியாக விட வேண்டும். உச்சிக் கிளை விரும்பிய தடிமன் பெறும்வரை ஓரிரு ஆண்டு அதைக் கிள்ளாமலே விடலாம். அந்தக் காலத்தில் மரம் தலைவிரித்த கோலத்தில் நிற்கும், நிற்கட்டும்.

அசேலியா மரம் அடர்ந்தது, ஆனால் உடையக்கூடியது; காயம் மூட நாளாகும், மூடுவதற்குள் உள்மரம் அழுகத் தொடங்கும். பெரிய வெட்டுகளைக் குழிவாய்க் கத்தரியால் சற்றுக் குழிவாக வெட்டி, விளிம்பைக் கூரிய கத்தியால் வழித்து, காயப்பசை பூச வேண்டும். சாறு கோடாக ஓடுவதால், பெரிய கிளையை வெட்டும்போது அதன் கீழ்ப்பட்டை காயும் அபாயம் உண்டு. வெட்டு வாய்க்கு அருகே ஒரு சிறு துளிரை விட்டுவைத்தால் அந்தக் கோட்டில் சாறு நிற்காது. காயம் மூடிய பின் அந்தத் துளிரை எடுத்துவிடலாம்.

வெட்டிய தழையை எறிவதிலும் கவனம் வேண்டும். அசேலியாவின் இலையிலும் பூவிலும் கிரேயனோடாக்சின் என்ற நஞ்சு இருக்கிறது. ஆடு மாடு மேயும் இடத்திலோ, செல்லப் பிராணிகள் வாய் வைக்கும் இடத்திலோ அதைப் போடக் கூடாது.

துளிர் தேர்வும் கம்பி கட்டுதலும்

கடுங்கவாத்துக்குப் பின் எழும் துளிர்கள் தேவைக்கு மேல் இருக்கும். அவற்றை உடனே குறைக்கும் ஆசையை அடக்கி, 4 அல்லது 5 சென்டிமீட்டர் வளரும்வரை விட்டால் செடிக்கு இலை கிடைக்கும், எது வலுவானது என்பதும் தெரியும். பிறகு ஒரு வெட்டு வாய்க்கு இரண்டு, பக்கவாட்டில் நோக்குபவையாகப் பார்த்து நிறுத்தலாம்.

கம்பியால் வளைப்பதற்கு இந்த இளந்துளிர் முதிரும் பருவமே ஏற்றது. ஓரிரண்டு வயதுக் கிளை விரல் சொன்னபடி கேட்கும். நான்கு வயதுக் கிளை சத்தத்தோடு முறியும். அதுவும் பெரும்பாலும் அடிமரத்தோடு சேரும் கவட்டில்தான் கிழியும். கம்பி கட்டும் நாளுக்கு முந்தைய நீரைத் தவிர்த்துவிட்டால் கிளை சற்றுத் துவண்டு வளையும் என்பது சத்சுகி வளர்ப்போர் கையாளும் உத்தி. அலுமினியக் கம்பி போதும். பட்டை மெல்லியது என்பதால் இறுக்கமும் மிதமாக இருக்க வேண்டும், கம்பி பதியத் தொடங்கும் முன் அவிழ்க்கவும் வேண்டும். பழைய தடித்த கிளையை வளைக்க முயல்வதை விட, அதை வெட்டிவிட்டுப் புதுத் துளிரைக் கிளையாக்குவது விரைவான வழி.

ஊட்டமும் பூவும்

மண்ணும் வேரும் சீரான பிறகே உரத்துக்கு வேலை. ஜப்பானில் ரேப் என்ற கடுகினச் செடியின் பிண்ணாக்கை உருண்டையாக்கி மண்மேல் வைப்பார்கள்; நீர் ஊற்றும்போதெல்லாம் சிறிது சிறிதாகக் கரைந்து இறங்கும். மென்மையான சல்லிவேருக்கு இந்த மெதுவான ஊட்டம் உகந்தது. கடுகுப் பிண்ணாக்கையோ, அமில மண் செடிகளுக்கென்று விற்கும் உரத்தையோ பாதி அளவில் கொடுக்கலாம். பூக்கும் நாட்களிலும் கொடும் வெப்பத்திலும் உரத்தை நிறுத்திவைக்க வேண்டும்.

சத்சுகியின் பூமொட்டு, பூ முடிந்த பின் வளரும் துளிர்களின் நுனியில் கோடையிலேயே உருவாகிவிடுகிறது. ஆகவே ஜூலைக்குப் பின் நுனி வெட்டினால் அடுத்த ஆண்டுப் பூவை வெட்டியதாகும். பூத்த செடியில், வாடிய பூவின் இதழை மட்டும் பறித்தால் போதாது, அடியிலுள்ள சூற்பையையும் சேர்த்துக் கிள்ள வேண்டும். விதை முற்றச் செலவாகும் பலம் அடுத்த துளிருக்குப் போகும். அதன்பின் நுனியில் எழும் நாலைந்து துளிரில் இரண்டை மட்டும் விட்டு, அவற்றிலும் இரண்டிரண்டு இலை இருக்கும்படி வெட்டுவது வழக்கமான பராமரிப்பு. அடித்துளிரின் இலைகள் இலையுதிர் காலத்தில் மஞ்சளாகி உதிர்வதைக் கண்டு பதற வேண்டாம். வசந்த இலைகள் உதிர்ந்து, பிந்தி வந்த சிறிய இலைகள் குளிரில் நிற்பது இச்செடியின் இயல்பு.

மீட்பில் இருக்கும் செடியை இரண்டு, மூன்று ஆண்டுகளுக்குப் பூக்க விடக் கூடாது. பூப்பது இச்செடிக்குப் பெருஞ்செலவு. பருத்த மொட்டு பூ, ஒல்லியான மொட்டு இலை. விரலால் திருகினால் பருத்தது கழன்றுவிடும். இதில் ஒரு விலக்கு உண்டு. ஒரே மரத்தில் வெள்ளை, கோடிட்டது, முழுச் சிவப்பு என்று கலந்து பூக்கும் சத்சுகி வகைகளில், ஒரே நிறம் பூக்கும் கிளைகள் மற்றவற்றை மிஞ்சி வளரும். பல ஆண்டு கவனிப்பற்ற மரம் முழுக்க ஒற்றை நிறத்துக்குப் போயிருக்கலாம். எந்தக் கிளை எந்த நிறம் என்று தெரியாமல் வெட்டினால் அரிய நிறம் உள்ள கடைசிக் கிளையே போய்விடும். எனவே கடுங்கவாத்துக்கு முன் ஒவ்வொரு கிளையிலும் ஓரிரு மொட்டை மட்டும் விட்டு, பூத்ததும் நிறத்தைக் குறித்து நூல் கட்டிவிட்டுப் பூவைக் கிள்ளிவிடலாம்.

பூச்சியும் நோயும்

இலையின் மேற்புறம் வெளிறிப் புள்ளி புள்ளியாக, அடிப்புறம் கருந்துளிகள் தார் தெளித்தது போல இருந்தால், வலை போன்ற சிறகுள்ள சிறு பூச்சி சாறு உறிஞ்சுகிறது. அசேலியாவை விடாமல் பற்றும் பூச்சி இதுவே. சூடான, காற்றோட்டமற்ற இடத்தில் வைத்த செடியையே அதிகம் தாக்கும். செஞ்சிலந்தியும் அதே சூழலை விரும்பும். இலையின் அடிப்புறத்தில் நீரைப் பீய்ச்சியடிப்பதும், வாரம் ஒருமுறை வேப்பெண்ணெய்க் கரைசலை அடியிலை நனையத் தெளிப்பதும் இரண்டையும் கட்டுப்படுத்தும்.

வசந்தத்தில் இலைகள் சதைப்பிடித்து வீங்கினால் அது எக்சோபசிடியம் பூஞ்சை. பார்க்கப் பயமாக இருந்தாலும் செடியைக் கொல்லாது. வெள்ளை மாவு பூக்கும் முன் பறித்து எரித்துவிட்டால் தீர்ந்தது. பூவில் நீர்ச்சொட்டுப் போலப் புள்ளி தோன்றி, இதழ் கூழாகிக் கிளையோடு ஒட்டிக் காய்வது இதழ் கருகல். மழை படாத கூரையின் கீழ் பூக்க வைப்பதும், பூமேல் நீர் ஊற்றாததுமே அதற்குத் தற்காப்பு. இவற்றில் எல்லாம் கொடியது வேரழுகல். மண் ஈரமாக இருக்கும்போதே இலை துவண்டால் தாகம் என்று நினைத்து மேலும் நீர் ஊற்றுவது பலரும் செய்யும் பிழை. பைட்டோப்தோரா புகுந்த வேர் கறுத்து, மேல்தோல் உருவிக்கொண்டு வரும். கெட்ட வேரை நீக்கிப் புது மண்ணில் வைத்து நிழலில் காக்கலாம். பாதிக்கு மேல் கறுத்திருந்தால், உயிருள்ள நுனிகளை வெட்டி கனுமாவில் ஊன்றி, புதுக் கன்றாவது எடுத்துக்கொள்ளலாம். இளந்தண்டு ஒன்று, இரண்டு மாதத்தில் வேர்விடும்.

இடமும் பருவமும்

அசேலியா போன்சாய் வீட்டுக்குள் வைக்கும் பொருள் அன்று. பரிசாக வாங்கி வரவேற்பறை மேசையில் வைத்ததே பல செடிகளின் நலிவுக்குத் தொடக்கம். காலை வெயிலும் பிற்பகல் நிழலும் உள்ள வெளியிடம் அதற்கு வேண்டும். குளிர்காலத்தில் உறக்கம் தேவை. லேசான உறைபனியைத் தாங்கும், ஆனால் ஆழமில்லாத தொட்டியில் வேர்க்கட்டி உறைந்து, கூடவே வறண்ட காற்றும் வீசினால் கிளைகள் காயும். ஜப்பானில் அந்த மாதங்களில் காற்று மறைவான கொட்டகைக்குள் நகர்த்துவார்கள். தமிழகத்தில் ஊட்டி, கொடைக்கானல் போன்ற மலையூர்களிலும், இலங்கையில் நுவரெலியாவிலும் இச்செடி இயல்பாகத் தழைக்கும். அங்கே மழைக்காலத்தில் தொட்டியின் ஒரு பக்கத்தின் கீழ் கட்டை வைத்துச் சாய்த்து, தேங்கும் நீரை வடித்தால் போதும். சமவெளியின் கோடையில், இரவிலும் சூடு தணியாத மொட்டைமாடியில் அதை வாழவைக்க முயல்வது வீண்செலவு. அங்கே போன்சாய்க்கு ஆலும் அத்தியும் இருக்கின்றன.

கோடையில் நீர் நாளுக்கு இரண்டு முறையும் தேவைப்படலாம், குளிரில் நாலைந்து நாளுக்கு ஒருமுறையே போதும். கனுமாவின் நிறம் வெளிறத் தொடங்குவதே கணக்கு. மண் மாற்றம் இளமரத்துக்கு இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை, முதிர்ந்ததற்கு மூன்று அல்லது நான்கு ஆண்டுக்கு ஒருமுறை. நான்காம் ஆண்டளவில், கிளைகள் இரண்டிரண்டாகப் பிரிந்து நுனிகள் அடர்ந்த பின், முதன்முறையாகப் பூக்க விடலாம். அப்போதும் நுனிக்கு ஒரு மொட்டை மட்டும் நிறுத்தி, உச்சியில் உள்ளவற்றை முற்றிலும் கிள்ளிவிட வேண்டும். பூக்கள் பாதிக்கு மேல் விரிந்து பத்து நாளுக்குள் அனைத்தையும் பறித்துவிடுவது மரத்துக்கு நல்லது.